உடையாத நகம் செய்த காயம்: ஒரு நிகழ்வு ஆய்வு

செயற்கை நகம் உடைந்துபோனவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவரே தேவைப்படுவதில்லை. ஒட்டிய துண்டு மட்டும் பெயர்ந்திருக்கும். மிச்சத்தை நகவெட்டியால் வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்துவிட்டால் காரியம் முடிந்தது. எங்களிடம் காயத்தோடு வருகிறவர்களின் கதை வேறு. அவர்கள் விரலில் செயற்கை நகம் உடையாமல் முழுசாக நிற்கும். அதற்கு அடியில் இருக்கும் சொந்த நகம்தான் சதையை விட்டுப் பிய்ந்திருக்கும். கீழே எழுதியிருப்பது அப்படிப்பட்ட ஒரு நிகழ்வு. நோயாளியின் சம்மதம் பெற்று, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது

26 வயதுப் பெண், கொங்குப் பகுதியைச் சேர்ந்தவர், ஸ்டாஃப் நர்ஸ். சர்க்கரை நோய் இல்லை, வேறு மருந்து எதுவும் சாப்பிடவில்லை. சித்தி மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு பத்து விரலிலும் அக்ரிலிக் எக்ஸ்டென்ஷன், அதாவது நகத்தை நீளமாக்கும் கெட்டியான பிளாஸ்டிக் நகம், வைத்துக்கொண்டார். விரல் நுனியைத் தாண்டி ஏறக்குறைய 2 செ.மீ. நீளம். வைப்பதற்கு முன் சொந்த நகத்தின் மேல்பரப்பை மெஷினால் தேய்த்திருக்கிறார்கள். "இந்த விரல்ல மட்டும் சுருக்குன்னு சுட்டுதுங்க. சொன்னேன், அப்படித்தான் இருக்கும்னாங்க" என்று வலது மோதிர விரலைக் காட்டினார். அந்தச் சூடு முக்கியமான தடயம். நகம் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கெரட்டின் தகடு; தேய்க்கத் தேய்க்க மெலியும். ஓர் இடத்தில் நிறுத்தித் தேய்த்தாலோ அளவுக்கு மேல் தேய்த்தாலோ சூடு அடியிலிருக்கும் சதைக்கு இறங்கும். சுட்ட விரலின் நகம் அன்றே பலவீனப்பட்டிருக்க வேண்டும்.

ரிசப்ஷன் அன்று மாலை மண்டப வாசலில் கார் கதவைத் திறக்கப்போனார். கைப்பிடிக்குள் விரலை நுழைத்த நேரத்தில் உள்ளே இருந்தவர் கதவை வெளிப்பக்கம் தள்ளினார். நகம் கைப்பிடியில் மாட்டி மேல்நோக்கி வளைந்தது. அக்ரிலிக்கில் ஒரு கீறல்கூட இல்லை. சொந்த நகம் நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்குப் படுகையை (நகம் ஒட்டியிருக்கும் அடிச்சதையை) விட்டுப் பெயர்ந்து, வேர்ப்பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியது.

மேடை ஏற ஒரு மணி நேரம்தான் இருந்தது. டிஷ்யூ பேப்பரால் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்திவிட்டு, பக்கத்துக் கடையில் உடனே ஒட்டும் பசை ஒரு ட்யூப் வாங்கிவரச் சொல்லி, தொங்கிய நகத்தைப் பழைய இடத்திலேயே அழுத்தி ஒட்டிக்கொண்டார். வழிந்த பசையைப் பஞ்சால் ஒற்றி எடுத்தபோது விரல் நுனி திடீரென்று பொசுக்கிய மாதிரி சுட்டது. மறுநாள் விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்ததும் பெரியம்மா ஓர் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிவிட்டார். நகச்சுற்றுக்கு நம் வீடுகளில் வழிவழியாகச் செய்வது. இங்கே வந்திருந்தது மூடிய நகச்சுற்று அல்ல, திறந்த காயம். எரிச்சலில் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

விரலைப் பார்த்தபோது

மூன்றாம் நாள் வந்தார்கள். மோதிர விரலின் கடைசிக் கணு சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. நகக்கண் ஓரத்தில் மஞ்சளாகச் சீழ் கட்டியிருந்தது. நகத்தின் பக்கவாட்டு இடுக்கு முழுவதும் பசை இறுகிக் கண்ணாடி மாதிரி அடைத்திருந்ததால் அந்தச் சீழுக்கு வெளியேற வழியே இல்லை. விரல் நுனியில் பஞ்சு இழைகள் பசையோடு உறைந்து ஒட்டியிருந்தன. அவற்றைச் சுற்றிச் சின்னதாக ஒரு கொப்புளம். அரைப் பவுன் மோதிரம் வீக்கத்தில் புதைந்திருந்தது. பெரியம்மாவுக்கு மனம் கேட்கவில்லை, ஆனாலும் அதை முதலில் வெட்டித்தான் எடுத்தோம். வீங்கும் விரலில் மோதிரம் இருந்தால் ரத்த ஓட்டமே நின்றுபோகும்.

இப்படிப்பட்ட விரலில் நகத்தைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. நுனி மூட்டை அவராக மடக்கி நீட்ட முடிகிறதா? முடிந்தது, தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அறுபடவில்லை. நுனியில் தொடு உணர்ச்சி இருக்கிறதா, அழுத்திவிட்டால் வெளுத்த இடம் உடனே சிவக்கிறதா? இரண்டும் சரி. விரலின் உள்பக்கச் சதை கல் மாதிரி இறுகியிருக்கிறதா? இல்லை. விரலை மெல்ல நீட்டினால் உள்ளங்கை வரை வலி ஓடுகிறதா? இல்லை. இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்திருந்தால், கிருமி தசைநாண் உறைக்குள் புகுந்திருக்கிறது என்று வைத்து, அன்றே கை அறுவை மருத்துவரிடம் அனுப்பியிருப்போம். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. ரத்தச் சர்க்கரை சரியான அளவில் இருந்தது. டிடி (டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பு) ஊசி கடைசியாகப் போட்டது பள்ளியில், 16 வயதில். பத்து வருஷம் ஆகிவிட்டதால் மறுபடி போட்டோம்.

சிகிச்சை

விரலின் அடியில் இருபுறமும் லிக்னோகைன் ஊசி போட்டு மரக்கச் செய்தோம். அக்ரிலிக்கைக் கரைக்க அசிட்டோன்தான் வழக்கம். திறந்த சதையில் அது படக்கூடாது. அதனால் விரல் மரத்த பிறகு, சொந்த நகத்தைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலிமையான நகவெட்டியால் எக்ஸ்டென்ஷனை ஓரத்திலிருந்து சிறுசிறு துண்டாகக் கடித்து எடுத்தோம். ஒரே வெட்டில் எடுக்கப்போனால் அந்த அதிர்வே மிச்சமிருக்கும் பிடிப்பையும் பிய்த்துவிடும். அதன்பிறகு பெயர்ந்த நகத்தை முழுவதுமாக எடுத்தோம். பசையின் அடைப்பு விலகியதும் சீழ் தானாக வடிந்தது. கொஞ்சம் பரிசோதனைக்கு அனுப்பினோம். எடுத்த நகத்தைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் பாசி மாதிரி ஒரு பச்சைக் கறை. ஈரம் தேங்கிய இடுக்கில் வளரும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா விடும் நிறம் அது. பார்க்கப் பயமாக இருக்கும். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு நகத்தை எடுத்து, இடத்தைக் காற்றோட்டமாக உலரவிட்டாலே பெரும்பாலும் அது போய்விடும்.

நகப்படுகையில் நீளவாக்கில் 4 மி.மீ. அளவுக்கு ஒரு வெட்டு இருந்தது. அன்றே வந்திருந்தால் மயிரிழை போன்ற கரையும் நூலால் தைத்து, கழுவிய நகத்தையே மேலே மூடி போல வைத்திருக்கலாம். மூன்று நாள் கழித்து, சீழ் பிடித்த இடத்தில் தையல் போட்டு மூடுவது கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான். நல்லவேளையாக வெட்டின் இரண்டு ஓரங்களும் தாமாகவே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. உப்புக் கரைசலால் நிறையக் கழுவி, பாரஃபின் தடவிய ஒட்டாத வலைத்துணியை வைத்து மூடினோம். அதிலேயே ஒரு சின்னத் துண்டை நகத்தின் வேர்ப்பக்க மடிப்புக்குள் செருகினோம். இதைச் செய்யாமல் விட்டால் மடிப்பும் படுகையும் ஒட்டிக்கொண்டு, பின்னால் வளரும் நகம் பிளவுபடும். வேர்ப்பகுதியில் காயம் இல்லாதது அவருடைய அதிர்ஷ்டம். படுகை ஆறிவிடும், வேர் கிழிந்தால் நகம் வாழ்நாள் முழுக்கக் கோணலாகவே வளரக்கூடும்.

சீழில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தது. ஐந்து நாள் மாத்திரை போதுமானதாக இருந்தது. பசை உறைந்த இடத்தைச் சுரண்டவில்லை. மேல்தோல் உரியும்போது அதுவும் சேர்ந்து போய்விட்டது. கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கி வைத்திருங்கள் என்று சொன்னதை அவர் சரியாகச் செய்தார். மறுநாளே தெறிப்பு அடங்கிவிட்டது. மாத்திரையைவிடக் கையைத் தூக்கி வைத்ததில்தான் சீக்கிரம் வலி குறைந்தது என்பது அவர் வாக்குமூலம், நானும் அதை நம்புகிறேன்.

மற்ற ஒன்பது விரல்களில் இருந்த நகங்களை அசிட்டோனில் நனைத்துப் பதமாக எடுத்தோம். மேல்பரப்பை அரத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கி, அசிட்டோனில் நனைத்த துண்டை வைத்து, அலுமினியத் தாளால் சுற்றி, 20 நிமிஷம் பொறுத்திருக்க வேண்டும். மென்மையானதை மட்டும் வழித்து எடுத்துவிட்டு மறுபடி சுற்ற வேண்டும். கத்தியோ குச்சியோ கொண்டு நெம்பக் கூடாது.

ஏன் உடையவில்லை

நகத்தின் நீளம் நெம்புகோலின் நீளம். நுனியில் ஒரே அளவு விசைதான் என்றாலும், நீளம் இரண்டு மடங்கானால் சதையோடு ஒட்டியிருக்கும் இடத்தில் விழும் நெம்பு இரண்டு மடங்காகிறது. கடப்பாரையால் கல்லைப் பெயர்க்கும் கணக்கேதான். இந்த நெம்பில் மூன்றில் ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும்: செயற்கை நகம் முறிய வேண்டும், அல்லது அது சொந்த நகத்திலிருந்து பெயர வேண்டும், அல்லது சொந்த நகம் சதையிலிருந்து பெயர வேண்டும். முதல் இரண்டும் நடந்தால் வீட்டிலேயே தீர்ந்துவிடும். மூன்றாவது நடந்தால் ஆஸ்பத்திரி. கடினமான பொருள், உறுதியான ஒட்டு, தேய்த்து மெலிந்த சொந்த நகம் ஆகிய மூன்றும் இந்தப் பெண்ணின் விரலில் ஒன்றுசேர்ந்திருந்தன. கெட்டியான நகம் நல்ல நகம் என்று பார்லர்களில் சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல. ஒட்டு முதலில் விட்டுவிடும் நகம்தான் பாதுகாப்பானது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற திரவத்தால் செய்த நகங்களைப் பற்றி அங்குள்ள உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்குப் புகார்கள் வந்தன. நகம் சேதமாவது, உருக்குலைவது, தோல் ஒவ்வாமை என்று பலவிதம். முழுக்க முழுக்க அந்தத் திரவத்தால் ஆன பொருட்களுக்கு எதிராக 1974இல் நீதிமன்றம் வரை சென்று தடை வாங்கினார்கள். அந்தத் திரவம் இறுகினால் மிகக் கெட்டியாகிறது, சொந்த நகத்தைக் கரடுமுரடாகத் தேய்த்தால்தான் பிடிக்கிறது, அசிட்டோனில் எளிதில் கரைவதும் இல்லை. நல்ல பார்லர்கள் இப்போது எத்தில் மெத்தாக்ரிலேட்டைப் பயன்படுத்துகின்றன. விலை மிகக் குறைவாக இருந்தால், மூக்கைத் துளைக்கும் காட்டமான வாடை வந்தால், அரை மணி நேரம் அசிட்டோனில் ஊறியும் மசியாமல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். இந்தப் பெண்ணுக்கு எந்தத் திரவத்தைப் பூசினார்கள் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. மற்ற விரல்களில் இருந்தது ஒருவாறு கரைந்துவிட்டது.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்திருக்கலாம்

அவர் என்னிடம் கேட்ட கேள்வியே இதுதான். "மேடை ஏறணுமுங்க, அந்த நேரத்துல வேறென்ன பண்ணியிருக்க முடியும்?" நியாயமான கேள்வி, அதனால் விரிவாகவே சொன்னேன்.

முதலில் மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். கால் மணி நேரம் கழித்து அது வராது. பிறகு குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு ஐந்து நிமிஷமாவது கழுவ வேண்டும். எரியும், ஆனால் பின்னால் சீழ் பிடிக்குமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது இதுதான். அடுத்து சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்தி, இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிஷம். ரத்தம் நின்ற பிறகு, நீளமாக நிற்கும் எக்ஸ்டென்ஷனைக் குட்டையாக்க வேண்டும். வேறொருவர் சொந்த நகத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டலாம். நெம்புகோல் போய்விட்டால் அடுத்த இடியில் மிச்சமும் பிய்வதைத் தடுக்கலாம். வெட்ட முடியாத அளவு வலித்தால் விட்டுவிட வேண்டும். தொங்கும் நகத்தைப் பிய்த்து எறியவும் கூடாது, பசை போட்டு ஒட்டவும் கூடாது. அது இருக்கிற இடத்திலேயே படிய வைத்து, மெலிதாக வாஸலின் தடவிய சுத்தமான துணியை மேலே வைத்து, தளர்வாகக் கட்டிக்கொண்டு மேடை ஏறியிருக்கலாம். பாராசிட்டமால் ஒன்று போட்டுக்கொள்ளலாம். போட்டோவில் ஒரு விரலில் கட்டு தெரியும், அவ்வளவுதான். அன்று இரவோ மறுநாள் காலையோ மருத்துவரைப் பார்த்திருந்தால் தையலோடு முடிந்திருக்கும். நகம் முழுவதுமாகக் கழன்று கையோடு வந்துவிட்டால், தூக்கிப் போடாமல் ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். காயத்துக்கு மூடியாக அது பயன்படலாம்.

பஞ்சில் சுட்டதற்கும் காரணம் உண்டு. உடனே ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை பருத்தியிலோ கம்பளியிலோ பட்டால் மின்னல் வேகத்தில் இறுகும். இறுகும்போது வெளிவரும் வெப்பம் தோலைக் கொப்புளிக்க வைக்கும் அளவுக்குப் போகும். நக ஒட்டுப் பசையும் இதே வகைதான். ட்யூப் பருத்தித் துணியில் கொட்டிவிட்டால் துணியை உடனே உடம்பிலிருந்து விலக்கி, நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழந்தைகள் தொடையில் இப்படிக் கொட்டிச் சூடுபட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. விரல்கள் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்கலாம். கண்ணில் தெறித்தால் இமையை இழுத்துத் திறக்காமல் தண்ணீரால் கழுவியபடி கண் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

கால் மணி நேரம் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை, விரல் நுனி கோணலாக நிற்கிறது, நுனி மரத்திருக்கிறது, நகத்துக்கு அடியில் கருநீலமாக ரத்தம் கட்டித் தாங்க முடியாத தெறிப்பு என்றால் காத்திருக்கவே கூடாது. அடிபட்டது குழந்தை என்றாலும், அடிபட்டவருக்குச் சர்க்கரை நோய் இருந்தாலும் அப்படியே. சர்க்கரை நோயாளிகள் "சின்ன நகம்தானே" என்று ஒரு வாரம் பொறுத்துவிட்டு வருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற விஷயம்.

வராமல் பார்த்துக்கொள்ள

நகமே வைக்காதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. கல்யாணத்துக்கு ஒரு பெண் ஆசைப்பட்டுச் செய்துகொள்கிற அலங்காரம் அது. ஒரு நாள், இரண்டு நாள் விசேஷம் என்றால், பசைப் பட்டையால் ஒட்டும் தயார் நகங்களையே பரிந்துரைப்பேன். எங்காவது மாட்டினால் நகம் மட்டும் கழன்று விழும். மேடையில் ஒன்று கழன்றால் அடுத்ததை ஒட்டிக்கொள்ளலாம்.

நாள்பட வைத்திருக்க ஆசை என்றால் நீளத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. விரல் நுனியைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் போதும். நுனி கூராகவோ சதுரமாகவோ இல்லாமல் உருண்டையாக இருந்தால் மாட்டுவதும் குறையும். தேய்க்கும்போது சுட்டால் கையை இழுத்துக்கொள்ளுங்கள், கூச்சப்பட வேண்டாம். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேர்ப்பக்க இடைவெளியை நிரப்பப் போக வேண்டும் என்பதில் வியாபாரம் மட்டும் இல்லை. நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளர்கிறது, கெட்டியான பகுதி முன்னால் நகர நகர நெம்பு கூடும், பின்னால் விடும் இடுக்கில் தண்ணீர் தேங்கும். இடுக்கு விழுந்த நகத்தைப் பசை போட்டு மூடாமல் கழற்றிவிட வேண்டும். கார் கதவு, டப்பா மூடி, பெட்டி ஜிப் எல்லாவற்றையும் விரல் சதையால் திறக்கப் பழக வேண்டும். அடுப்பு, குத்துவிளக்குப் பக்கம் கவனம். அக்ரிலிக் எரியும் பொருள்.

விரல் நுனியில் அரிப்பு, வெடிப்பு, இமையில் வீக்கம் என்று ஆரம்பித்தால் அது அக்ரிலேட் ஒவ்வாமையாக இருக்கலாம். நகத்தை மாற்றிப் பார்க்காமல் தோல் மருத்துவரிடம் போவது நல்லது. ஒருமுறை வந்த ஒவ்வாமை பொதுவாகப் போவதில்லை. தொல்லை நகத்தோடு முடிவதும் இல்லை: பல் அடைப்பதிலும், மூட்டு மாற்று அறுவைக்கான எலும்புச் சிமென்ட்டிலும் இதே குடும்பத்து வேதிப்பொருட்கள்தான் இருக்கின்றன.

வேலைக்குத் திரும்பியது

இவர் நர்ஸ் என்பதால் இன்னொன்றையும் பேச வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில், 1997 ஜனவரியிலிருந்து 1998 மார்ச் வரை 46 குழந்தைகளுக்குச் சூடோமோனாஸ் பரவியது. அவர்களில் 16 பேர் இறந்தார்கள். ஊழியர்களின் கைகளைச் சோதித்ததில், அந்தக் கிருமி மூன்று நர்ஸ்களிடம் கிடைத்தது. அவர்களில் ஒருவர் நீளமான சொந்த நகம் வளர்த்திருந்தார், இன்னொருவர் செயற்கை நகம் வைத்திருந்தார். நகங்கள் மட்டுமே காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவு கட்டவில்லை. பங்கு இருந்திருக்கலாம் என்றார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 கை சுத்த வழிகாட்டியும், நோயாளிகளை நேரடியாகத் தொடுகிறவர்கள் செயற்கை நகம் வைக்கக் கூடாது, சொந்த நகத்தின் நுனி 0.5 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறது. இந்தப் பெண்ணின் விரலிலிருந்து எடுத்த நகத்தின் அடியில் இருந்த பச்சைக் கறையை நான் காட்டியபோது, அது என்ன கிருமி என்று அவரே பெயர் சொன்னார். லீவு முடிந்ததும் நகத்தோடு வார்டுக்குப் போக அவர் நினைத்திருக்கவும் இல்லை. கழற்ற நாள் குறித்து வைத்திருந்தார்.

படுகை முழுவதும் உலர்ந்து மூடும் வரை நோயாளிகளைத் தொடும் வேலையிலிருந்து விலகி இருக்கச் சொன்னோம். கையுறை போட்டுக்கொள்கிறேன் என்றார்; திறந்த காயத்தை வைத்துக்கொண்டு அது போதாது. மூன்றாம் வாரம் பணிக்குத் திரும்பினார். இரண்டாம் மாதம் மடிப்புக்குள்ளிருந்து புது நகம் எட்டிப் பார்த்தது. ஆறாம் மாதம் நுனியைத் தொட்டது, வெட்டு விழுந்த இடத்துக்கு நேராக ஒரு மெல்லிய வரி மட்டும் தங்கிவிட்டது. மறுபடி எப்போது வைக்கலாம் என்றும் கேட்டார். புது நகம் நுனி வரை வெள்ளை இடுக்கே இல்லாமல் படுகையோடு ஒட்டியிருக்க வேண்டும், மற்ற ஒன்பது நகங்களும் அழுத்தினால் வளையாத பழைய தடிமனுக்கு வந்திருக்க வேண்டும், அப்போதும் லீவு நாளில், ஒட்டிக் கழற்றுகிற வகை மட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.